கூட்டுப் பட்டா

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில் மாலை நேரங்களில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் லாரிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. மூடினால் பதினைந்து பேர் மூச்சுக்காற்றில் அறை வெந்துவிடும். திறந்தே வைத்துக்கொண்டு கத்துகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் நீட் பயிற்சிக் கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழுப்பு வளைய அணைவுச் சேர்மத்தில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் என்ன? ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கேள்வித்தாளில் தலைகாட்டும் கேள்வி. விடை +1. முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"சார், இரும்புக்கு ரெண்டு, மூணுன்னுதானே படிச்சோம். ஒண்ணு எப்படி சார் வந்துது?"

வழக்கமான பதிலைச் சொன்னேன். நைட்ரிக் ஆக்சைடுக்கு +1 என்று வைத்துக்கொள். ஐந்து நீர் மூலக்கூறுக்கும் பூஜ்யம். மொத்த மின்சுமை +2. மிச்சம் இரும்புக்கு +1.

"வெச்சுக்கோன்னா, யார் சார் வெச்சது?"

இருபது வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. 'சிலபஸ்ல அப்படித்தான்' என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போதுதான் வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

பழுப்பு வளையத்தை ப்ளஸ் டூ ஆய்வகத்தில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நைட்ரேட் உப்பின் கரைசலில் புதிதாகக் கரைத்த ஃபெரஸ் சல்பேட்டை ஊற்றி, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் கண்ணாடிச் சுவரோரமாக வழியவிட வேண்டும். குலுக்கினால் போச்சு. அமிலம் கனமானது, அடியில் போய் உட்காரும். இரண்டு நீர்மங்களும் தொடும் இடத்தில், டீ ஆறிய டம்ளரின் விளிம்பில் படிகிற கறைபோல் ஒரு வளையம் கட்டும். நைட்ரேட்டிலிருந்து பிறந்த நைட்ரிக் ஆக்சைடு, அதாவது என்.ஓ., இரும்பைப் பிடித்துக்கொண்டதன் நிறம் அது. வளையத்தைப் பார்த்ததும் ரெக்கார்டு நோட்டில் 'நைட்ரேட் உள்ளது' என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழுவப் போய்விடுவோம். பிடித்துக்கொண்டது யார், பிடிபட்டது யார் என்று கேட்பதில்லை.

என்.ஓ. கொஞ்சம் வில்லங்கமான மூலக்கூறு. நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான், ஆக்சிஜனுக்கு எட்டு, ஆக மொத்தம் பதினைந்து. எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக அமரும் உலகத்தில் ஒன்று தனித்து நிற்கிறது. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் +1. இன்னொன்றை வாங்கி வைத்துக்கொண்டால் -1. கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை என்றால் பூஜ்யம். இந்த ஆள் இரும்பிடம் வந்து சேரும்போது எலக்ட்ரான் எந்தப் பக்கம் போனது? பாடநூல் சொல்வது: என்.ஓ. கொடுத்துவிட்டது, இரும்பு +1. 2002-இல் கார்ல் வீகார்ட் உள்ளிட்ட ஒரு குழு நிறமாலைகளையும் காந்தப் பண்புகளையும் அளந்து பார்த்துவிட்டு நேர் எதிராகச் சொன்னது: இரும்பு +3, என்.ஓ. -1. இத்தனை தலைமுறை மாணவர்கள் உண்டாக்கிக் கொட்டிய அந்தச் சேர்மத்தைப் படிகமாக்கி ஊடுகதிரில் பார்க்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மியூனிக்கில் பீட்டர் க்ளூஃபர்ஸும் அவர் மாணவரும் அதைச் செய்தார்கள். அதுவும் +1 பக்கம் சாயவில்லை.

இந்தத் தகராறுக்கு ரொம்ப முன்னாலேயே, 1974-இல், அமெரிக்காவின் அரிசோனாவில் ஜான் எனமார்க், ராபர்ட் ஃபெல்த்தம் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். உலோகத்தையும் என்.ஓ.வையும் சேர்த்து ஒரே நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். அதன் தோளில் ஓர் எண்ணை வைத்தார்கள். உலோகத்தின் டி-எலக்ட்ரான்களையும் என்.ஓ.வின் அந்தத் தனி எலக்ட்ரான் இருக்கும் அறையையும் சேர்த்து எண்ணினால் வருகிற தொகை அது. பழுப்பு வளையத்துக்கு எண்ணிப் பாருங்கள். இரும்பு +2 என்றால் அதற்கு ஆறு, என்.ஓ.வுக்கு ஒன்று. +1 என்றால் இரும்புக்கு ஏழு, என்.ஓ.வுக்குப் பூஜ்யம். +3 என்றால் ஐந்து, இரண்டு. எப்படிப் பிரித்தாலும் ஏழு. பிரிப்பதில்தான் சண்டை, கூட்டினால் சண்டை இல்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கூட்டுப் பட்டா. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்து நசரத்பேட்டையருகே நெடுஞ்சாலையைக் குறுக்கிட்ட பிறகு, இந்த வட்டாரத்தில் மண்ணுக்கு வந்த மவுசைச் சொல்லவே வேண்டாம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காணிக்கெல்லாம் சென்ட் கணக்கில் விலை. பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலக வாசலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு அண்ணன் தம்பிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னமும் சில குடும்பங்களில் சர்வே எண் ஒன்று, பெயர்கள் நான்கு. கிணறு யார் பங்கில் விழும், வரப்பு எங்கே ஓடும் என்று உட்பிரிவு செய்யாத நிலம். இத்தனை ஏக்கர், இன்னின்னார் என்பது மட்டும் தாளில் இருக்கும். அதுவரை அதில் பொய் இல்லை. எனமார்க்கும் ஃபெல்த்தமும் இரும்புக்கும் என்.ஓ.வுக்கும் போட்டுக் கொடுத்தது கூட்டுப் பட்டா. அறிவியலில் நான் பார்த்த குறியீடுகளில் இதைவிட நேர்மையான ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறது. தெரியாத எல்லைக்கல்லை நடுவதில்லை.

வெறும் நேர்மைக்காக இதைக் கொண்டாடவில்லை. அந்த எண் வேலையும் செய்கிறது. அதைப் பார்க்க நீர்மூலக்கூறுகள் சூழ்ந்த இரும்பை விட்டுவிட்டுப் போர்பைரினுக்கு வர வேண்டும்.

சின்ன வயதில் திண்ணையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டிருப்பீர்கள். நாலு பக்கமும் நாலு கை, நடுவில் ஒரு கட்டம், சுற்றிச் சுற்றி வந்து காய் அங்கே ஏறினால் பழம். போர்பைரின் ஏறத்தாழ அந்த வடிவம்தான். நான்கு பைரோல் வளையங்கள், நான்கு நைட்ரஜன்கள் உள்நோக்கி, நடுவில் ஒரு காலி வீடு. அந்த வீட்டில் இரும்பு ஏறினால் ஹீம், அதாவது நம் ரத்தத்தின் சிவப்பு. கொஞ்சம் மாற்றிக் கட்டிய வளையத்தில் மக்னீசியம் ஏறினால் பச்சையம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் புல்லின் நிறம். ஆய்வகத்தில் மாங்கனீசையும் கோபால்ட்டையும் ஏற்றலாம். உலோகம் வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகு தளத்துக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை அதற்குக் காலியாக இருக்கும். மேல்கையில் என்.ஓ. வந்து அமர்ந்தால் அதற்குப் பெயர் நைட்ரோசில் போர்பைரின்.

எழுபதுகளில் ராபர்ட் ஷைட் என்ற அமெரிக்கப் படிகவியலாளர் இவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். மாங்கனீசில் கூட்டுத்தொகை ஆறு: உலோகம், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் ஏறக்குறைய நேர்கோட்டில், 176 டிகிரி. இரும்பில் தொகை ஏழு: என்.ஓ. தலை சாய்ந்துவிடுகிறது, 149 டிகிரி. கோபால்ட்டில் எட்டு: இன்னும் சாய்ந்து 120-ஐ ஒட்டி வருகிறது. தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவர்கள் இவர்கள், ஆளுக்கு ஓர் எலக்ட்ரான் கூடுதல். அந்த ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் என்.ஓ. ஒரு படி குனிகிறது. யாருடைய எலக்ட்ரான் என்று கேட்காமலே, எண்ணை மட்டும் வைத்து, எவ்வளவு குனியும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

இந்தக் குனிதலும் பிடியும் உயிர் விஷயம் என்பதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்பா திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சு பிடித்தது. அதற்குப் பிறகு சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் சார்பிட்ரேட் அட்டை வந்தது. வலி வந்தால் ஒரு மாத்திரையைப் பிதுக்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்காருவார். சில நிமிஷத்தில் நெஞ்சு இளகும். உடனே, "தலையப் பொளக்குதுடா" என்பார். எங்களுக்கு அந்த வார்த்தை நிம்மதி. தலை வலிக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது.

அந்த மாத்திரை உடலுக்குள் உடைந்து கொடுப்பது என்.ஓ. ரத்தக் குழாயின் தசைச் செல்லுக்குள் ஒரு நொதி காத்திருக்கிறது, அதன் நடுவில் ஒரு ஹீம். மேல்கையில் என்.ஓ. அமர்ந்ததும் கீழ்கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஹிஸ்டிடின் நழுவுகிறது. அந்த ஒரு பிணைப்பு அறுவதுதான் சமிக்ஞை. நொதி விழிக்கிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. நெஞ்சிலும் விரிகிறது, தலையிலும் விரிகிறது, அதனால்தான் தலைவலி. நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் 1879-இல் எழுதினார். ஏன் கேட்கிறது என்று தெரிய நூறு வருஷம் பிடித்தது. அதைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெடிமருந்து ஆலைத் தொழிலாளிகள் மருத்துவர்களுக்கு முன்பே ஒரு பாதியைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மண்டையிடி, வாரம் போகப் போக உடம்பு பழகிக் குறையும். திங்கட்கிழமை நோய் என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் நீலகிரியின் அருவங்காட்டிலும், எங்கள் தெருமுனையில் ஓடும் இதே சாலையில் மேற்கே போனால் வரும் காட்பாடியிலும் நைட்ரோகிளிசரின் சார்ந்த ஆலைகள் இயங்கியிருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சரக்கை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இதே என்.ஓ. ஜன்னல் வழியாகவும் வருகிறது. டீசல் எஞ்சினின் உள்ளே 1500 டிகிரிக்கு மேல் சூடேறும்போது, எதனோடும் சேராமல் சும்மா கிடந்த காற்றின் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து என்.ஓ. ஆகிவிடுகிறது. வெளியே வந்து இன்னோர் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, நுரையீரலை அரிக்கும் பழுப்புப் புகையாகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபோது கனரக வண்டிகளுக்கான வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து அரைக் கிராமுக்கும் கீழே இறங்கியது. அதற்காகத்தான் பெட்ரோல் பங்க் வாசலில் ஆட்ப்ளூ கேன்கள் அடுக்கியிருக்கிறார்கள். 32.5 சதவீத யூரியா கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். சூட்டில் அது அம்மோனியாவாகி, வினையூக்கியில் இருக்கும் வனேடியமோ செம்போ இரும்போ பார்த்துக்கொண்டிருக்க, என்.ஓ.வைத் திரும்ப நைட்ரஜனும் நீராவியுமாக்கி அனுப்புகிறது. பெட்ரோல் காரில் அந்த வேலை ரோடியத்துக்கு. எல்லாம் இடைநிலை உலோகங்கள். ஆக, என்.ஓ.வின் கதி அதைப் பிடிக்கிற உலோகத்தின் கையில் இருக்கிறது. லாரியில் வந்தால் விஷம், மாத்திரையில் வந்தால் மருந்து என்று எழுத எனக்கும் கை அரிக்கிறது. ஆனால் அது சரியில்லை. பிறக்கும்போதே நுரையீரல் குழாய்கள் இறுகிப்போன பச்சைக் குழந்தைகளுக்கு இதே வாயுவைப் பத்து லட்சத்தில் இருபது பங்கு அளவில் மூச்சோடு கலந்து கொடுக்கிறார்கள். நுரையீரல் விரிந்ததும், மிச்சம் ரத்தத்தில் இறங்கினால் ஹீமோகுளோபினின் இரும்பு அதை உடனே நைட்ரேட்டாக்கித் தீர்த்துவிடுகிறது. உடம்பின் மற்ற இடங்களுக்கு அது போவதே இல்லை. திறந்துவிடுவதும் ஹீம், கதவடைப்பதும் ஹீம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மூட்டைப்பூச்சியை விடக்கூடாது.

இந்தப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் நிறைய, தனியார் விடுதிகள் அதைவிட நிறைய. டியூஷனில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பையன்கள் திரும்ப வந்து பார்க்கும்போது முழங்கைக்குக் கீழே வரிசையாக மூன்று நான்கு தடிப்பு இருக்கும். கேட்டால், "ஹாஸ்டல் சார்" என்று சிரிப்பார்கள். கடிக்கும்போது தெரியாது. எழுந்து பார்த்தால்தான் தெரியும். தோலுக்கடியில் குழாயைக் குத்தினால் உடம்பு உடனே அதை இறுக்கிக்கொள்ளும், ரத்தம் வராது. அதற்கு மூட்டைப்பூச்சி கண்டுபிடித்த வழி என்.ஓ. தன் எச்சிலில் ஒரு ஹீம் புரதத்தை வைத்து, அதன் இரும்பில் என்.ஓ.வை ஏற்றி, பத்திரமாகக் கொண்டுவருகிறது. நைட்ரோஃபோரின் என்று பெயர். தென் அமெரிக்காவில் ரோட்னியஸ் என்ற இன்னொரு ரத்தம் குடிக்கும் பூச்சியும் இதையே செய்கிறது. இந்தப் புரதத்தால் அதன் எச்சில் சுரப்பியே செக்கச்செவேல் என்று இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தச் சிவப்பைத் துருவிப் போனவர்கள்தான் இதைக் கண்டார்கள்.

இதில் நான் அசந்துபோன இடம் ஒன்று உண்டு. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்பு, இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு. அதில் என்.ஓ. ஏறினால் தொகை ஏழு. அந்தப் பிடி உடும்புப்பிடி. எளிதில் ஹீமைத் தொற்றும் கார்பன் மோனாக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கம். ஏற்றினால் இறக்க முடியாது. ஆகவே பூச்சி மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பை வைத்திருக்கிறது. தொகை ஆறு. பிடி லேசு. நம் தோலுக்குள் எச்சில் இறங்கி நீர்த்ததும் என்.ஓ. நழுவி விழுந்து குழாயை விரிக்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரானைக் குறைத்து, பூட்டைத் தாழ்ப்பாளாக்கிவிட்டது அந்தப் பூச்சி. மூட்டைப்பூச்சியின் புரதம் இன்னொன்றும் செய்கிறது. இரும்பை அடியிலிருந்து பிடித்திருக்கும் கந்தக அணு கையை விட்டுவிட்டு, தானும் ஓர் என்.ஓ.வைத் தூக்கிக்கொள்கிறது. ஒரு நடைக்கு இரண்டு சுமை. 2005-இல் படிக அமைப்போடு இதை வெளியிட்டார்கள். விடுதி வார்டன்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

கந்தகம் என்றதும் என்.ஓ. குடும்பத்தின் யாரும் பார்க்காத பங்காளி நினைவுக்கு வருகிறார். என்.ஓ.வில் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் என்.எஸ்., தயோநைட்ரோசில். தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழ்வீடு கந்தகம். தாளில் எழுத ஒரு நொடி. ஆனால் என்.ஓ.வை உருளையில் அடைத்து விற்கலாம், என்.எஸ்.ஸை அடைக்க முடியாது. தனியே விட்டால் ஒன்றோடொன்று கூடி வேறாகிவிடும். 1975-இல் வானொலித் தொலைநோக்கிகள் தனுசு மண்டலத்தில் ஒரு பெரும் வாயுமேகத்தில் அதைக் கண்டன. அங்கே ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாத அளவுக்கு இடம் இருக்கிறது. பூமியில் அது தங்க வேண்டுமென்றால் ஓர் உலோகம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். 1974-இல் இங்கிலாந்தில் ஜோசப் சாட்டின் குழு, ஏற்கனவே மாலிப்டினத்தின் மேல் ஒட்டியிருந்த தனி நைட்ரஜனுக்குக் கந்தகத்தைக் காட்டி, முதன்முதலாக அங்கேயே என்.எஸ்.ஸைக் கட்டினார்கள். நம் நாட்டில் எண்பதுகளையொட்டி கான்பூர் ஐ.ஐ.டி.யில் யு. சி. அகர்வாலாவும் கே. கே. பாண்டேயும் இன்னொரு வழியில் போனார்கள். கந்தகமும் நைட்ரஜனும் மாறிமாறிக் கோத்து, கந்தகத்தின் மேல் குளோரின் ஒட்டிய வளையச் சேர்மத்தை உலோகங்களோடு சேர்த்து, ருத்தேனியம் போன்றவற்றின் மேல் என்.எஸ்.ஸை உட்காரவைத்தார்கள். இந்தத் துறைச் சரக்கு முரடு. கந்தகமும் நைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஆரஞ்சு நிறப் படிகம் ஒன்று உண்டு, தட்டினாலே வெடிக்கும்.

போர்பைரின் தாயக்கட்டத்தில் என்.ஓ.வின் இடத்தில் என்.எஸ்.ஸை ஏற்றிப் பார்த்தவர்கள் உலகிலேயே சிலர்தான். ஏற்றினால் என்ன எதிர்பார்க்கலாம்? என்.ஓ.வில் இரு அணுக்களின் இடைவெளி 1.15 ஆங்ஸ்ட்ராம், என்.எஸ்.ஸில் 1.49. நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் எலக்ட்ரான் இழுக்கும் வலு வேறு வேறு என்பதால், என்.எஸ்.ஸில் நைட்ரஜன் பக்கம் எதிர்மின்சுமை தெளிவாகவே குவிகிறது. அது உலோகத்துக்குக் கொடுப்பதும் அதிகம், உலோகத்திடம் வாங்குவதும் அதிகம். இதுவரை அளந்த என்.எஸ். சேர்மங்கள் பெரும்பாலும் நேர்கோடாகவே நிற்கின்றன. என்.ஓ. போல ஓர் எலக்ட்ரானுக்குக் குனிகிற பழக்கம் அதனிடம் அதிகம் காணவில்லை. உடம்பில் இதற்கு வேலை இருப்பதாக யாரும் காட்டவில்லை. மாத்திரை ஆகாது, லாரியில் வராது. இதில் வருஷக்கணக்காக ஆய்வு செய்தவர்களைப் பார்த்து 'இதனால் என்ன பயன்' என்று கேட்பவர்கள் உண்டு. பங்காளியைப் பார்த்தால்தான் அண்ணனின் குணத்தில் எது குடும்பத்துச் சொத்து, எது சொந்தச் சம்பாத்தியம் என்று தெரியும் என்பது என் பதில். என்.ஓ. குனிவது அதன் சொந்தச் சம்பாத்தியம் போலத் தெரிகிறது.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று விதமாகவும் பிரித்து எழுதிக் காட்டினேன். ஆறும் ஒன்றும் ஏழு, ஏழும் பூஜ்யமும் ஏழு, ஐந்தும் இரண்டும் ஏழு. "கூட்டுப் பட்டா மாதிரியா சார்?" என்றாள். நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். அவள் வீட்டில் நிலத் தகராறு இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பிறகு, "அப்ப நான் எதை சார் டிக் பண்றது?" என்று கேட்டாள்.

நீட் எழுதப்போகும் மற்றவர்களுக்கும் அதே பதில்தான். +1-ஐக் கருப்பாக்குங்கள். நாலு மதிப்பெண் அதற்குத்தான். +2 என்றோ +3 என்றோ நிரப்பினால் ஒன்று குறைப்பார்கள்.